ஐம்பத்தைந்து அடி ரேஸ்

"மடியில என்ன சார்?"

"லாரி."

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதும், நான் சொன்னதும் இவ்வளவுதான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலேயேவா என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு என் மடியிலிருந்த ஷூ பெட்டியைப் பார்த்தார்.

"லாரின்னா லக்கேஜ் போடணுமே?"

ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த மாமா பெட்டியின் மூடியை ஓரங்குலம் தூக்கிக் காட்டினார். கண்டக்டர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பின்சீட்டில் ஓர் அம்மாள், "சூளகிரிக்கு ரெண்டு குடுப்பா" என்று மூன்றாவது தரம் கத்திய பிறகுதான் உலகத்துக்குத் திரும்பி வந்தார்.

"டயருக்குள்ள காத்து இருக்கா சார்?" என்றார் பயபக்தியோடு.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒன்பது அங்குல நீளத்தில் ஒரு லாரி. சாதா லாரி இல்லை. டிராக் ரேஸ் லாரி! உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யாதது, எந்தக் கடையிலும் கிடைக்காதது. ஓசூரில் ஒரு லைன் வீட்டின் பின்கட்டில், மீன் தொட்டிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில், பதினாலு மாதம் ராத்திரி ராத்திரியாக என் மாமா (அக்கா வீட்டுக்காரர்) செய்து முடித்தது.

முடித்தது என்று சொல்லக்கூடாது. ஒரு வேலை பாக்கி. அதற்காகத்தான் கிருஷ்ணகிரி பயணம்.

அதற்கு முன்னால் ஓசூரைப் பற்றி நாலு வார்த்தை.

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். எனக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள உறவு, மிக்ஸி ரிப்பேரானால் அதன் தலையில் தட்டிப் பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே ஒரு தாழ்வு மனப்பான்மை வந்துவிடும். அங்கே டீக்கடையில் நிற்கிற பத்துப் பேரில் ஏழு பேர் சட்டைப் பையில் வெர்னியர் வைத்திருப்பார்கள். மீதி மூன்று பேர் அதை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்தவர்கள்.

டீயே அங்கே மூன்று பாஷையில் கொதிக்கிறது. 'ஒரு டீ' என்றாலும் வரும், 'ஒந்து டீ' என்றாலும் வரும், 'ஒக டீ' என்றாலும் வரும். தமிழில் பேரம் ஆரம்பித்து, தெலுங்கில் கோபப்பட்டு, கன்னடத்தில் சமாதானமாகிற வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. 2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் வரி செக்போஸ்ட்டுகளில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், டிரைவர்கள் சோறாக்கிச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடலாம் என்பார்கள்.

ஊருக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று செல்லப் பெயர் உண்டு. குளிர்தான் காரணம். வெள்ளைக்காரன் காலத்தில் பிரெட் என்று ஒரு சேலம் கலெக்டர், இங்கிலாந்தில் இருக்கும் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்து அதே மாதிரி ஒரு மாளிகையை ஓசூரில் கட்டினார். எங்கோ இருக்கிற பெரிய வஸ்துவைப் பார்த்து இங்கே அதே மாதிரி ஒன்று செய்கிற வியாதி, ஆக, ஊருக்குப் புதிதல்ல. கலெக்டருடைய மாடல் இடிந்து போயிற்று. மாமாவுடையது ஷூ பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் தொழிற்சாலை. டி.வி.எஸ். 50 மொபெட் புறப்பட்டதும் இந்த ஊரிலிருந்துதான். அப்புறம் டைட்டன் கைக்கடிகாரம். 2021-ல் இங்கே ஏத்தர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், அதே வருஷம் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதைச் சுற்றிச் சின்னக் கம்பெனிகள் முளைக்கும். ஒன்றில் செயின், ஒன்றில் கண்ணாடி, ஒன்றில் வெறும் ஸ்குரூ.

இதில் ஒரு வேடிக்கை. ஊரே வண்டி செய்கிறது. ஆனால், 'நான் ஒரு வண்டி செய்தேன்' என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது. ஆளாளுக்கு ஒரு துண்டுதான். என் மாமா ஒரு சின்ன கம்பெனியில் டர்னர். அவருடைய துண்டு, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் போய் உட்காருகிற ஒரு வெண்கல புஷ். கட்டை விரல் தண்டி இருக்கும். பன்னிரண்டு வருஷம் அதை மட்டுமே கடைந்தார். ரோட்டில் லாரி போனால் மற்றவர்கள் லாரியைப் பார்ப்பார்கள். மாமா குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் பார்ப்பார்.

2011-ல் ஒருநாள், பவர் பிரஸ்ஸில் ஆள் வரவில்லை என்று மாமாவை அங்கே நிற்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வலது கையில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முதல் கணு போயிற்று.

அப்போது நான் பி.காம். கடைசி வருஷம். இண்டஸ்ட்ரியல் லா பரீட்சை எழுதிவிட்டு வந்த சூடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்த அக்காவுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று, என் பாண்டித்தியத்தை எடுத்துவிட்டேன். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த விரலில் எத்தனை கணு போனால் சம்பாதிக்கிற சக்தியில் எத்தனை சதவீதம் போச்சு என்று விலைப்பட்டியல் மாதிரி போட்டிருந்தார்கள். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, ஒரு கணு மட்டும் என்றால் 9. நடுவிரல் முழுசுக்கு 12, ஒரு கணுவுக்கு 7.

"ஒன்பதும் ஏழும் பதினாறு. வெறும் பதினாறு பர்சென்ட்தான்க்கா! ஏன் அழறே?" என்றேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் மாமாவை ஸ்டோர்ஸில் 'லைட் டியூட்டி'யில் போட்டார்கள். லேத் பக்கம் போகவில்லை. வீட்டிலும் வலது கையை லுங்கி மடிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பார். "கையைச் சும்மா வெச்சிருந்தா விறைச்சுப் போயிடும். சின்னச் சின்ன வேலையா குடுங்க" என்று டாக்டர் சொன்னார். அக்கா பட்டாணி உரிக்கக் கொடுத்தாள். இரண்டு நாள் உரித்தார். மூன்றாவது நாள் போர்டு எழுதுகிற கடையிலிருந்து மிச்சம் மீதி சன் போர்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து ஒரு பஸ் செய்ய உட்கார்ந்தார்.

முதல் பஸ் செங்கல்லுக்கு வைப்பர் வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்கலாம் போலிருந்தது. அஞ்சாவது ஆறாவதுக்கு வரும்போது தெருப் பிள்ளைகள் அதை விலைக்குக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஓர் அப்ரண்டிஸ் பையன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அதோடு மாமாவின் புத்தி பேதலித்தது.

டிராக் ரேஸ் என்றால் என்ன? ரொம்பச் சுலபம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. நேர் ரோடு, கால் மைல். அதாவது 402 மீட்டர். இரண்டு வண்டி பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழும். விழுந்த கணத்தில் கிளம்பி, முதலில் கோட்டைத் தொட்டவன் ஜெயித்தான். ஆபீஸ் விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க நீங்களும் நானும் செய்கிற அதே காரியம்தான்.

அமெரிக்காக்காரன் இதற்கென்றே 1951-ல் ஒரு சங்கம் வைத்துவிட்டான். காரோடு விட்டானா? 1960-களில் டாட்ஜ் பிக்கப் டிரக் ஒன்றில், சீட்டுக்குப் பின்னால் ராட்சச எஞ்சினைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாரமெல்லாம் பின்பக்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், கோவில் குதிரை வாகனம் மாதிரி முன்காலைத் தூக்கி எழுந்து நின்றது வண்டி. பின் இரண்டு சக்கரத்தில் நின்றபடியே கால் மைலையும் ஓடிக் காட்டியது! 'லிட்டில் ரெட் வேகன்' என்று பெயர். ஜனங்கள் பைத்தியமானார்கள். 1/25 அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாக டப்பாவில் போட்டு, ஒட்டிக்கொள்ளச் சொல்லி விற்கவும் செய்தார்கள். 1998-லிருந்து 2001 வரை பிக்கப் டிரக்குகளுக்கென்றே அந்தச் சங்கம் தனிப் பிரிவு வைத்து ரேஸ் நடத்தியது.

நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்தே ரேஸ் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. ஓசூர் டி.வி.எஸ். 1982-லேயே ரேஸ் டீம் வைத்துவிட்டது. லாரிகளே ரேஸ் ஓடியதும் உண்டு. 2014 மார்ச்சில், டெல்லி பக்கத்துப் புத்தா சர்க்யூட்டில் டாடா பிரைமா டிரக்குகளை வெளிநாட்டு டிரைவர்கள் விரட்டினார்கள். 2016-ல் நம்ம ஊர் டிரைவர்களுக்கும் பயிற்சி கொடுத்து இறக்கினார்கள்.

ஆனால் மாமாவுக்குப் பிடித்தது அந்த எழுந்து நின்ற டிரக்தான்.

"லாரின்னா என்ன மாப்ளே? பாரம் தூக்கும், மூச்சு வாங்கும், லெஃப்ட்ல ஒதுங்கும். எல்லாப் பயலும் ஹாரன் அடிப்பான். அது ஒரு நாள் எழுந்து நின்னா எப்படி இருக்கும்? நம்ம லாரி. முன்னாடி மூக்கு நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பழைய லாரி!"

அப்படி ஒரு லாரி உலகத்தில் இல்லை. ஆகவே டப்பாவும் இல்லை. மூளையிலிருந்துதான் செய்தாக வேண்டும். பழைய இரும்புக் கடையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மூக்கு லாரியை மாமா மூன்று ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தார். எழுதிக்கொள்கிற குமாஸ்தா வேலை எனக்கு.

கணக்கு 1/24. இதில் ஒரு சௌகரியம், ஓர் அடி அரை அங்குலமாகிவிடும். பதினெட்டு அடி லாரி, ஒன்பது அங்குலம். ஒரு மீட்டர் உயர டயர், கிட்டத்தட்ட 42 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் வீல் நட், ஒன்றேகால் மில்லிமீட்டர். தரையில் விழுந்தால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். (ஒருதரம் காணாமல் போனதற்கு மாமா எறும்பைத்தான் சந்தேகப்பட்டார்.)

வம்பு எங்கே என்றால், தகட்டில். லாரி பாடித் தகடு 1.2 மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். 24-ஆல் வகுத்தால் 0.05. தலைமுடியை விட மெலிசு! கூல்டிரிங் டின்னை வெட்டிப் பார்த்தார். அது 0.1. அதாவது நிஜ லாரியில் 2.4 மில்லிமீட்டர் தகடு. "இது லாரி இல்ல மாப்ளே, மிலிட்டரி டாங்க்" என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் ஓரங்களை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மெலிசாக்கினார். கண் ஓரத்தைப் பார்த்துத்தான் கனத்தை முடிவு பண்ணுமாம். உள்ளே எவ்வளவு தடிமன் என்று அது கேட்பதில்லை. (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி என்றேன். அக்கா முறைத்தாள்.)

பெயிண்டும் அப்படித்தான். பிரஷ்ஷில் இரண்டு கோட் அடித்தால் கதவு இடுக்கு, ரிவெட் தலை எல்லாம் முழுகிப்போகும். நிஜ லாரிக்கு அது பெயிண்ட். 1/24 லாரிக்கு சிமெண்ட் பூச்சு.

ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது தெரியுமா? ஆக்ஸில் குழாய், தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில். சைலன்சர், சால்டரிங் ஈயக் கம்பி. எப்படி வேண்டுமானாலும் வளையும். பின்னால் வண்டி மல்லாந்து விழாமல் தாங்குகிற குட்டிச் சக்கரத் தண்டு, குடைக் கம்பி. வேகத்தை நிறுத்த விரிகிற பாராசூட் பை, அக்காவின் பழைய ரவிக்கைத் துணி. பட்டன் இல்லாத வழுவழு பின் டயர்கள், என்னுடைய ஹவாய் செருப்பு. (அது பழசு என்பது மாமாவின் கட்சி. நான் அன்றைக்கு வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.) வீல் நட்டுகள், மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை ஆறு பட்டையாக ராவி, வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கியது.

டீசல் எஞ்சினில் பம்ப்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய் போகும். ஆறு சிலிண்டர், ஆறு குழாய். கிட்டத்து சிலிண்டரானாலும் எட்டத்து சிலிண்டரானாலும் ஆறும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேருகிற நேரம் மாறிப்போகும். அதனால் கிட்டத்துக் குழாயை வளைத்து நெளித்து விடுவார்கள். மாமா டெலிபோன் ஒயரில் ஆறு குழாய் செய்தார். ஸ்கேல் வைத்து, ஆறும் ஒரே நீளம்.

"இதில் என்ன டீசலா ஓடப் போகுது? யார் அளக்கப் போறாங்க?" என்றேன்.

"நான் அளந்தேனே" என்றார்.

இத்தனையும் அந்தக் கையால். ஆள்காட்டி விரலில் நுனி இல்லாவிட்டால் சின்ன வஸ்துவைக் கிள்ளி எடுக்க வராது. ஆகவே ட்வீசரைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிக் கட்டிக்கொள்வார். முதல் வருஷம் பத்துக்கு ஒன்பது நழுவும். கீழே குனிந்து தேடுவார். திட்ட மாட்டார். அந்த மௌனத்துக்குப் பயந்து அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

நானோ, பி.காம். இல்லையா, அவருக்கு ஒரு காஸ்ட் ஷீட் போட்டுக் கொடுத்தேன். சாமான் செலவு 1,870 ரூபாய். ராத்திரிக்கு இரண்டு மணி வீதம் எண்ணூறு மணி நேரம். மணிக்கு எண்பது ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 64,000. மொத்தம் 65,870.

மாமா அதை மூன்று தடவை படித்தார். "அப்போ இந்த லாரி எனக்கு அவ்ளோ பாக்கி வெச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஆணி தேட ஆரம்பித்தார்.

சூளகிரி தாண்டியது. மலைகள் இரண்டு பக்கமும் கூடவே வந்தன. முன்னாலும் பின்னாலும் நிஜ லாரிகள். பழைய என்.எச். 7, இப்போது 44 என்று நம்பர் மாற்றிக்கொண்டிருக்கிறது. மாமா ஜன்னல் வழியாகக் குனிந்து அவற்றின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பள்ளம் மேட்டுக்கெல்லாம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கித் தூக்கிப் பிடித்தேன். ஓர் இடத்தில் பக்கத்தில் நின்றவர், "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

கிருஷ்ணகிரியை எல்லோரும் மாம்பழத்துக்காக நினைப்பார்கள். எனக்கு அது பெரிய ஜங்ஷன். சென்னை ரோடு, சேலம் ரோடு, பெங்களூர் ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் வந்து கைகுலுக்குகிற இடம். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. லாரிகள் வந்து கூடுகிற ஊர் என்றால், அவற்றைப் பிரித்து மேய்கிற ஒர்க்‌ஷாப்புகளும் இருக்கத்தானே வேண்டும்? கட்டை அறுக்கிற சத்தம், வெல்டிங் பொறி, டிங்கர் சுத்தியல். அதில் ஒன்றின் மூலையில் எங்கள் ஆள் இருந்தார். லாரி எழுதுகிற பெயிண்டர். வயசு எழுபதை ஒட்டி. ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷின் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. இருந்தாலும் கையெழுத்து வேண்டும் என்கிற பிடிவாதக்கார முதலாளிகள் இவரைத்தான் தேடி வருவார்கள்.

மாமா பெட்டியைத் திறந்து ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் லாரியை வைத்தார். "பின்னாடி 'வேகம் 40 கி.மீ.'ன்னு எழுதணும்ணே."

பெயிண்டர் கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "ரேஸ் வண்டிங்கறே. நாப்பதா?"

"லாரின்னா நாப்பதுதானேண்ணே எழுதுவோம்?"

பெயிண்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வெல்டிங் நின்றது.

நான் ரேட் பேசினேன். நாலு அங்குல எழுத்து இங்கே நாலு மில்லிமீட்டர் சொச்சம். இருபத்துநாலில் ஒரு பங்கு எழுத்துக்கு இருபத்துநாலில் ஒரு பங்கு காசு என்பது என் வாதம்.

"தம்பி, எழுத்து சின்னதானா காசு குறையாது, கண் வலி கூடும். ரெட்டை ரேட்" என்றார். பி.காம். வாயை மூடிக்கொண்டது.

பிரஷ்ஷில் நாலைந்து முடியை மட்டும் விட்டு மற்றதை பிளேடால் கத்தரித்தார். மூச்சைப் பிடித்தார். அதற்குள் சுற்றிலும் கூட்டம். டிரைவர்கள், கிளீனர்கள், கையில் ஸ்பானரோடு மெக்கானிக்குகள். ஒருவர் தரையில் உட்கார்ந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து, "ஸ்பிரிங் புஷ் கூட வெச்சிருக்கான்டா!" என்றார். மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கடைந்த புஷ்ஷை முதல் தடவையாக ஓர் ஆள் குனிந்து பார்க்கிறான்!

தாடி வைத்த ஒரு டிரைவர் மட்டும் திருப்தியாகவில்லை. கேபினுக்குள் பார்த்தார். "எஞ்சினைப் பின்னாடி தள்ளிட்டு, படுக்கறதுக்கு இடமே வெக்கலியே?"

"கால் மைல்தான் ஓடும்ணே."

"அதுக்கு? ஸ்டெப்னி எங்கே?"

"ரேஸ் வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. பாரம்."

"கால் மைல்ல பஞ்சர் ஆகாதுன்னு எவன் சொன்னான்?"

மாமாவிடம் பதில் இல்லை.

எழுதி முடித்துவிட்டு பெயிண்டர் நிமிர்ந்தார். லாரியை மாமாவிடம் கொடுக்கும்போதுதான் அந்தக் கையைக் கவனித்தார். நம் ஆட்கள் இதையெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்க மாட்டார்கள்.

"விரல் எங்கே போச்சு?"

"பிரஸ்ல."

"எவ்ளோ போட்டாங்க?"

"பதினாறு பர்சென்ட்" என்றார் மாமா.

சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வராந்தாவில் நான் சொன்ன அதே நம்பர். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசாதவர், யாரோ பெயர் தெரியாதவர் கேட்டதும் ஊர்ப் பெயர் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

பெயிண்டர் லாரியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "மீதி எண்பத்துநாலுலயா இதைப் பண்ணே?" என்றார். அப்புறம், "காசு எடு" என்று என்னிடம் கையை நீட்டினார். ரெட்டை ரேட். பைசா குறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தேன். "மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான்..."

"கணக்குதானே சொன்னே? கணக்கு சரிதான். அவங்களும் அதையேதான் போட்டாங்க" என்றார். டீயை ஊதினார். "உங்க அக்கா அன்னிக்கு அழுகையை நிறுத்தினா. அது போதும்."

அதற்கு மேல் பேச விடவில்லை. திரும்புகிற பஸ்ஸில் பெட்டி அவர் மடியில்.

வீட்டுக்கு வரும் வழியில் மளிகைக் கடைத் தராசில் லாரியை வைத்துப் பார்த்தோம். நீளம் 24-ல் ஒரு பங்கு என்றால் எடை 24-ஐ மூன்று தடவை பெருக்கி, 13,824-ல் ஒரு பங்கு. ஐந்து டன் லாரி 362 கிராம் இருக்க வேண்டும். தராசு 410 காட்டியது. "ஓவர்லோடு" என்றார் கடைக்காரர். டிராக் ரேஸ் என்றாலும் நம்ம ஊர் லாரி அல்லவா!

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. கால் மைல் என்பது 1,320 அடி. 24-ஆல் வகுத்தேன். சொல்லி வைத்தாற்போல் ஐம்பத்தைந்து அடி. டேப்பைப் பிடித்தோம். லைன் வீட்டுக் குழாயடியிலிருந்து கடைசி வீட்டுத் துளசி மாடம் வரை ஐம்பத்தாறு. கோடு போட இடம் இருக்கிறது!

சிமெண்ட் சந்து, தண்ணீர் ஓடுவதற்காக லேசாகச் சரிந்திருக்கும். மாமா குழாயடியில் லாரியை வைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச்சின் முன்னால் மஞ்சள் காகிதம் வைத்து விளக்குக் காட்டினான். மூன்று சிமிட்டு. காகிதத்தை உருவினான். மாமா கையை எடுத்தார். தள்ளவில்லை, எடுத்தார்.

முதலில் யோசித்தது. பிறகு உருண்டது. வெண்கல புஷ்ஷில் ஆக்ஸில் சுற்றுகிற சன்னமான சத்தம். இடது பக்கமும் போகாமல், வலது பக்கமும் போகாமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்த் துளசி மாடத்துக்கு முன்னால் கோட்டைத் தாண்டி நின்றது. எத்தனை செகண்ட் என்று செல்போனில் அமுக்க மறந்துவிட்டேன். முன்சக்கரம் எழுந்து நிற்கவில்லை. சந்தில் இருந்த எல்லோரும்தான் எழுந்து நின்றார்கள்.

அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பின்கட்டில் விளக்கு எரிந்தது. மாமா எதையோ ராவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"ஸ்டெப்னி" என்றார். "அந்தத் தாடிக்காரன் சொன்னது சரிதான். ஆமா, நீ இதையெல்லாம் எழுதுவியா?"

"எழுதலாமா?"

"எழுது. விரல் விஷயத்தை எழுதாதே. ஸ்டெப்னி வெக்க மறந்ததையும் எழுதாதே."

இரண்டையும் எழுதிவிட்டேன். மன்னிக்கணும் மாமா. செருப்புக் கணக்கு அதோடு நேர்.